உம்மால் என் வீட்டில் வாசனை போயிற்று

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்தவர் என்று சமீப காலம்வரை நான் நம்பியிருந்த மைத்துனர் அவர்களுக்கு,

உம் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உம் அக்கா, உம் மருமகளாகிய என் ஒரே மகள் ஆகிய மூவரும் உடலளவில் நலம். அங்கு நீரும் உம் வீட்டாரும் நலமாக இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவன் வீட்டில் நெருப்பை வைத்துவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் பொதுவாக நலமாகத்தான் இருப்பார்கள்.

போனில் பேசலாம் என்றால், நான் குரலை உயர்த்திய உடனே "சரியா கேக்கல அத்தான், சிக்னல் போயிடுச்சு" என்று வைத்துவிடுகிறீர். கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. விஷயம் இதுதான். நேற்று உம் மருமகள், நான் புதிதாகத் திறந்திருக்கும் இரண்டாவது கடையில் வந்து உட்கார முடியாது என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். "மாமாகிட்டயும் கேட்டுட்டேன்ப்பா, வேலையை விட வேணாம்னு அவரும் சொல்லிட்டாரு" என்றாள். என் மகள் என் கடைக்கு வரலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல உம்மை யார் ஐயா நீதிபதியாகப் போட்டது? நான் சென்ட் கடைக்காரன். இந்த ஊரில் வேலை கேட்டுப் போகிறவன், பெண் வீட்டாரைப் பார்க்கப் போகிறவன், கோபித்துக்கொண்ட மனைவியைச் சமாதானம் செய்யப் போகிறவன் எல்லோரும் என் கடையில் ஒரு சொட்டு தடவிக்கொண்டுதான் போவார்கள். அப்பேர்ப்பட்ட நான் இன்று என் சொந்த வீட்டுக்குள் நுழைய, வாசல் குழாயில் முழங்கைவரை கழுவிக்கொண்டு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பனியனோடு போக வேண்டியிருக்கிறது. தெருவே பார்க்கிறது. இதற்கு முழுப் பொறுப்பும் நீர்தான்.

நீர் மறந்ததுபோல் நடிப்பீர் என்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். அவள் விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, அவள் பாட்டுக்குக் கடைக்கு வந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்த நீர், கல்லூரி விரிவுரையாளர் என்ற மிதப்பில், சாப்பிட்ட கை காய்வதற்குள் "கருவியல்ல மேற்படிப்பு படிக்கலாமேம்மா, நல்ல எதிர்காலம் இருக்கு" என்றீர். என் காதில் விழுந்தது கருவி இயல். கருவிகளைப் பற்றிய படிப்பு போலிருக்கிறது, ஸ்பேனரில் ஆரம்பித்து ராக்கெட்வரை எல்லாவற்றையும் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுப்பார்கள் போலிருக்கிறது, கடையில் பாட்டில் நிரப்பும் இயந்திரம் வேறு மாதம் ஒருமுறை மக்கர் செய்கிறது, வீட்டிலேயே ஆள் கிடைத்துவிடும் என்று மகிழ்ந்து உடனே சம்மதித்தேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவளுக்குப் பரிசாக ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவர் பெட்டியும் வாங்கிக் கொடுத்தேன். அவள் திறந்து பார்த்து, "அப்பா, இது எதுக்கு?" என்று கேட்டாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரி தொடங்கிய அன்று பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். நான் நல்ல சட்டை போட்டு, கடையில் இருப்பதிலேயே உயர்ந்த சரக்கைத் தாராளமாகப் பூசிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். துறைத் தலைவி அம்மாள் மேடையேறித் திரையில் ஒரு படத்தைப் போட்டார். பளபளவென்று உருண்டையாக ஒன்று, அதைச் சுற்றி ஒரு வளையம், பக்கத்தில் ஊசி மாதிரி ஏதோ. எனக்குப் பரவசம் தாங்கவில்லை. பக்கத்திலிருந்த ஒருவரின் தொடையைத் தட்டி, "நல்ல பேரிங் சார், வெளிநாட்டுச் சரக்கு போல" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அது கருமுட்டை சார்" என்றார். அதற்கு மேல் அந்த அம்மாள் பேசியது எதுவும் என் தலையில் ஏறவில்லை. குழந்தை இல்லாதவர்களுக்காக முட்டையையும் உயிரணுவையும் வெளியே ஒரு சின்னத் தட்டில் சேர்த்து, ஒரு பெட்டிக்குள் வைத்து வளர்த்து, பிறகு தாயின் வயிற்றில் வைக்கிறார்களாம். அந்தப் பெட்டி வேலைக்குத்தான் இந்தப் படிப்பாம். ஒரு தகப்பன் தன் மகளிடம் இதைப் பற்றி எப்படி ஐயா பேசுவது? வீடு திரும்பும் வழியெல்லாம் நான் வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஆய்வகத்தில் கால் வைத்த முதல் நாளே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மார்க் குறைவா? இல்லை. மரியாதைக் குறைவா? இல்லை. வாசனை! "அப்பா, எம்மேல சென்ட் வாசனை வருதாம். குளிச்சிட்டு, வேற துணி மாத்திட்டு வரச் சொல்லிட்டாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் கொதித்துப் போனேன். அழுக்கு வாடைக்கு ஆளைத் துரத்துவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். நறுமணத்துக்குத் துரத்துவார்களா? நேரே போய்ச் சண்டை போடுகிறேன் என்று கிளம்பினேன். அவள் தடுத்து உட்கார வைத்து விளக்கினாள். "வாசனைன்னா என்னப்பா? காத்துல கலக்கிற ரசாயனம்தானே? தட்டுல கருவுக்கு மேல மெல்லிசா ஒரு எண்ணெய் ஊத்தியிருப்போம். காத்துல இருக்கறது அதுல கரைஞ்சு உள்ள இறங்கிடும். கரு ரொம்பச் சின்னதுப்பா, தாங்காது" என்றாள். தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்ட பொருளை, பெற்ற மகளே ரசாயனம் என்று சொல்லிக் கேட்கும் பாக்கியத்தையும் நீர்தான் எனக்கு வாங்கிக் கொடுத்தீர்.

அன்று தொடங்கியது. வீட்டில் பவுடர் இல்லை. வாசனைச் சோப்பு இல்லை. தலைக்கு வைக்கும் எண்ணெய்கூட மணமில்லாத எண்ணெய். நான் ஆசையாக வாங்கி அலமாரியில் போட்டு வைத்த வாசனை உருண்டைகளைக் குப்பையில் போட்டார்கள். உம் அக்கா என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், அவள் முதல் நாளே கட்சி மாறிவிட்டாள். மகளின் துணிகளைத் தனியாகத் துவைத்து, தனிக் கொடியில், என் சட்டை இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் காயப்போடுகிறாள். நான் ஹாலில் உட்கார்ந்தால் இருவரும் எழுந்து ஜன்னலைத் திறக்கிறார்கள். "ஏன், நான் என்ன கேஸ் சிலிண்டரா?" என்று கேட்டேன். "சிலிண்டர் கசிஞ்சாதாங்க வாடை வரும்" என்றாள் உம் அக்கா. இந்த வாய் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று உமக்கே தெரியும்.

படிப்பை முடித்தாள். நல்ல மதிப்பெண், அதில் குறை சொல்ல மாட்டேன். "உலகம் பூரா ஆள் தேடுறாங்க அத்தான்" என்று நீர் சொன்னீரே, அந்த உலகம் எங்கே இருக்கிறது என்று நாங்களும் தேடினோம். முதலில் போன மருத்துவமனையில், "அனுபவம் இருக்கா?" என்று கேட்டார்கள். "இப்பத்தான் படிச்சு முடிச்சேன்" என்றாள். "அனுபவத்தோட வாங்க." "அது எங்க கிடைக்கும்?" "வேலை பார்த்தா கிடைக்கும்." இப்படி ஒரு பதிலை என் கடையில் ஒரு விற்பனையாள் சொல்லியிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இன்னொரு இடத்தில் ஆய்வகம் என்று எடுத்து, வரவேற்பு மேசையில் உட்கார வைத்துப் போன் எடுக்கச் சொன்னார்கள். அதையும் விட்டுவிட்டு, அந்தக் கரு வளர்க்கும் பெட்டி இருக்கிறதே, அதை விற்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். எனக்குப் பரம திருப்தி. என்ன இருந்தாலும் விற்பனை நம் ரத்தத்தில் ஓடுகிறது, பெட்டி விற்றால் என்ன, பாட்டில் விற்றால் என்ன என்று நினைத்தேன். சில மாதத்தில் அதையும் உதறிவிட்டாள். "பெட்டியை விக்கறதுக்கு வேற ஆள் இருக்காங்கப்பா. நான் பெட்டிக்குள்ள இருக்கறதுக்குப் படிச்சவ" என்றாள். நீர் சொல்லிக் கொடுத்த வசனமா, சொந்த வசனமா?

இதற்கிடையில் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். என் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர், காலையில் மெஷினைத் துடைப்பதற்கு முன் என்னைத்தான் துடைப்பார். "என்னண்ணே, பொண்ணு டாக்டராயிடுச்சா?"

"டாக்டர் இல்ல."

"அப்போ நர்ஸா?"

"நர்ஸும் இல்ல."

"ரத்தம் எடுக்கிறவங்களா?"

"இல்லப்பா. கருவியல்."

"ஓ, கருவி! அப்போ எம் மெஷின் ஊசி அடிக்கடி உடையுது, ஒரு தடவை வந்து பாக்கச் சொல்லுங்களேன்."

நான் பரப்பிய பொய் என்னையே திரும்பி வந்து குத்துகிறது.

கடைசியில் ஒரு மருத்துவமனையில் உண்மையாகவே ஆய்வகத்துக்குள் எடுத்தார்கள். என்ன வேலை? காலையில் போனவுடன் பெட்டிகளின் சூட்டை அளப்பது, தட்டுகளுக்கு அடியில் பேர் எழுதுவது. இவ்வளவுதான். "எங்கிட்ட லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தே. மேற்படிப்பு படிச்சிட்டு அங்க போயும் லேபிள்தானா?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "உங்க கடையில லேபிள் மாறினா மல்லிகைக்குப் பதிலா ரோஜா போகும்ப்பா. இங்க மாறினா குடும்பமே மாறிடும்" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்ற வேலைகளும் கொடுத்தார்கள். உறைய வைப்பது, உருக்குவது, மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றுவது. கை நடுங்கும் என்று காபியை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை, விடுமுறை இல்லை. கேட்டால், "கருவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாதுப்பா" என்கிறாள். அப்பாவுக்குத் தெரியுமே, அது கணக்கில் இல்லையா?

இனித்தான் உச்சக்கட்டம். இதைப் படிக்கும்போதாவது தயவுசெய்து உட்கார்ந்து படியும். போன மாதத்துக்கு முந்திய மாதம் என் இரண்டாவது கடைத் திறப்பு விழா. அந்தக் கடையை நான் யாருக்காகக் கட்டினேன்? அவளுக்காக. கல்லா மேசையை அவள் உயரத்துக்கு அளந்து செய்யச் சொன்னேன். ரிப்பனை அவள்தான் வெட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "கூட்டத்துல வாசனை ஒட்டிக்கும்ப்பா" என்று தயங்கியவள், மறுநாள் தன் முறை இல்லை என்பதால் சம்மதித்தாள். வர்த்தகர் சங்கத் தலைவர் வந்திருந்தார். எதிர்க்கடைக்காரர்கூட வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு வந்திருந்தார். கத்தரிக்கோலை அவள் கையில் கொடுத்தேன், போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க" என்றார், அவள் போன் அலறியது. சாதாரண மணி இல்லை, தீயணைப்பு வண்டி மாதிரி ஓர் ஊளை. கரு வளர்க்கும் பெட்டியில் கோளாறு வந்தால் இப்படிக் கூவுமாம். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, ஒரு பெட்டிக்கு வாயு போகலையாம். டியூட்டில ஒருத்திதான் இருக்கா. தட்டை ஒருத்தர் மாத்தும்போது பக்கத்துல இன்னொருத்தர் நின்னு பேரைப் படிக்கணும், தனியா மாத்தக் கூடாது. எல்லாரையும்விட நான்தான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். "ரிப்பனை வெட்டிட்டுப் போம்மா, ஒரு நொடி" என்றேன். கத்தரிக்கோலைச் சங்கத் தலைவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அவர் அதை வைத்துக்கொண்டு தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் தொழில் பழக்கத்தில் வாங்கி வெட்டிவிட்டார். ஆக, என் கனவுக் கடையைத் திறந்து வைத்தவர் பக்கத்துத் தையல்காரர். போட்டோ இருக்கிறது, அனுப்புகிறேன்.

அவளுக்கு ஆட்டோ கிடைக்கவில்லை. நான் சும்மா நிற்க முடியுமா? கடை வேனை எடுத்தேன். பின்னால் முழுச் சரக்கு. அவசரத்தில் ஒரு திருப்பத்தில் வளைத்தேன் பாரும், உள்ளே ஏதோ சரிந்து உடைந்தது. வேன் முழுக்கப் பூந்தோட்டம். அவள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்தாள். மருத்துவமனைத் தெருமுனையிலேயே "இங்கயே நிறுத்துங்கப்பா, வாசலுக்கு வராதீங்க" என்று குதித்து ஓடினாள். உள்ளே போய்க் குளித்து, அவர்கள் துணியை மாற்றிக்கொண்ட பிறகுதான் ஆய்வகத்துக் கதவையே தொட முடியுமாம். அதற்குள் காவலாளி வந்துவிட்டார். "சார், வண்டியை இன்னும் தள்ளி நிறுத்துங்க. ஏசி உள்ள இழுக்குது." எந்த ஊரிலாவது, வாசலில் நின்ற சாக்கடைத் தண்ணி லாரியை விட்டுவிட்டு, சென்ட் வண்டியைத் துரத்துவார்களா? துரத்தினார்கள். எதிர்ப்பக்கம் பூட்டிய கடை ஒன்றின் நிழலில் போய் நின்றேன்.

அங்கே நின்றபோதுதான் ஓவிய ஆசிரியரைப் பார்த்தேன். உமக்கு அவரைத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படம் போடச் சொல்லிக்கொடுப்பவர். என் கடையில் வருஷக்கணக்கில் ரோஜா அத்தர் வாங்கியவர். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். எதிர்க்கடைக்குப் போய்விட்டார் என்று நினைத்து, தெருவில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் மனைவியோடு மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை தூக்கினார். ஆனால் சாலையைக் கடந்து வரவில்லை. "தப்பா நினைக்காதீங்க, இங்க வர்றவங்க வாசனை போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதனாலதான் உங்க கடைப்பக்கமே வரல" என்று அங்கிருந்தே கத்தினார். வண்டிகள் போகும் இடைவெளியில் நாங்கள் பேசிக்கொண்டோம். அன்றைக்குத்தான் அந்த அம்மாளுக்குக் கருவை வைப்பதாக இருந்ததாம். இதற்கு முன் வைத்தது தங்கவில்லையாம். இதுதான் கடைசி என்று முடிவு செய்து வந்தார்களாம். "கொஞ்சம் தாமதமாகும்னு சொல்றாங்க, ஏன்னு தெரியல" என்றார். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அந்த அம்மாள் திடீரென்று, "இப்ப உள்ள ஓடினது உங்க பொண்ணா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"அவங்க கை நடுங்காதுல்ல?"

என்ன கேள்வி இது, மைத்துனரே? நான் என்ன பதில் சொல்ல? "சின்ன வயசிலிருந்து எங்க கடையில பெரிய பாட்டில்லேருந்து சின்ன பாட்டிலுக்கு ஊத்தின கைம்மா. ஒரு சொட்டு கீழ சிந்தினது இல்ல" என்று கத்தினேன். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். சாலையில் ஒரு பஸ் வந்து நின்றது, போனது, அவர்களைக் காணவில்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள் போல.

அவள் வெளியே வர மாலையாகிவிட்டது. "என்னம்மா ஆச்சு? எல்லாம் பத்திரமா? அந்த டிராயிங் மாஸ்டருடையது?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாதுப்பா" என்றாள். யாருக்கும்! என் வண்டி, என் பெட்ரோல், என் உடைந்த பாட்டில்கள், என் திறப்பு விழா, பெற்ற தகப்பன் நான் யாரோ! அன்றிலிருந்து எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டேன். சாப்பிடும்போது கேட்டேன், அசந்திருக்கும்போது கேட்டேன், உம் அக்காவை விட்டுக் கேட்டேன். பூட்டிய அலமாரி மாதிரி இருக்கிறாள். ஆசிரியர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

ஆகவே மைத்துனரே, என் உறுதியான முடிவைச் சொல்கிறேன். பாட்டிலுக்கும் தட்டுக்கும் ஒரே கைதான். அந்தக் கையை வளர்த்தது என் கடை. அதன் பலனை எவனோ அனுபவிப்பதா? நீர் உடனே அவளிடம் பேசி, அந்த வேலையை விட்டுவிட்டுப் புதுக் கடையில் வந்து உட்காரச் சொல்ல வேண்டும். "ஆராய்ச்சிப் படிப்பு, முனைவர் பட்டம்" என்று அவள் காதில் ஏதோ ஓதிக்கொண்டிருக்கிறீராம்; அதையும் இன்றோடு நிறுத்த வேண்டும். இல்லையென்றால் என் வீட்டுப் படியில் நீர் கால் வைக்க வேண்டாம். வைத்தாலும் உமக்குச் சோறு உண்டு, பேச்சு கிடையாது.

உம் மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும். உம் குழந்தைகள் நோய்நொடியின்றி, நல்ல புத்தியோடு, முக்கியமாகத் தாய்மாமன் யோசனை எதையும் கேட்காமல் நீடூழி வாழ என் ஆசிகள். உமக்கான ஆசி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
மனம் நொந்த,
உம் அத்தான்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடக் கிளம்பிய நேரத்தில் ஓவிய ஆசிரியர் கடைக்கு வந்தார். பழைய வாடிக்கையாளராயிற்றே என்று ரோஜா பாட்டிலைத் திறந்தேன். "ஐயோ, மூடுங்க மூடுங்க" என்று பதறினார். "அவ வெளிய நிக்கறா. உங்க கடை வாசனை பட்டாலே குமட்டுதாம். நாலு கடை தள்ளி நிக்கும்போதே வாந்தி வருதுன்னுட்டா." என் சரக்கைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையா என்று சண்டைக்கு வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் அவர் சிரிப்பைப் பார்த்தேன். எட்டிப் பார்த்தால், தெருக்கோடியில் அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று எனக்கு ஒரு கையால் கும்பிடு போடுகிறார். கடையிலிருந்த அத்தனை பாட்டிலையும் ஓடி ஓடி மூடினேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, என் கடை வாடை தாங்கவில்லை என்று ஒருத்தர் நின்றதற்கு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. மகளுக்குப் போன் செய்தேன். "நீங்க யாரைச் சொல்றீங்கன்னே எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். அடுத்த மூச்சில், "பாட்டிலையெல்லாம் நல்லா மூடிட்டீங்கல்ல?" என்றாள். ஆகையால் நீர் அவளிடம் எதுவும் பேச வேண்டாம். அந்த ஆராய்ச்சிப் படிப்பு எங்கே நன்றாக இருக்கும் என்று மட்டும் விசாரித்து வையும். புதுக் கடையில் உம் அக்கா உட்காருகிறாள். அங்கே ஒரு அலமாரி முழுக்க வாசனையே இல்லாத சோப்பு வைக்கலாம் என்றிருக்கிறேன். மொத்த விலைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதவும். போனில் சொல்ல வேண்டாம், எதிர்க்கடைக்காரருக்குக் காது நீளம்.